வாசல் வரை வந்த ஒளியிழை, வீட்டுக்குள் ஏன் நின்றுவிடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடுகளுக்கு ஃபைபர் இணைய இணைப்பு பரவிவருவது குறித்துத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து செய்திகள் வெளியாகின்றன. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் மேற்கொண்டிருக்கிறது. நகரங்களிலோ மின்கம்பத்துக்கு மின்கம்பம் கறுப்புக் கேபிள்கள் தொங்குவதை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் வாசல் வரை வந்த ஒளியிழை வீட்டுக்குள் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் தகவல் எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. அந்தக் கடைசிச் சில மீட்டர்களைப் பற்றியும், அவற்றுக்குப் பொருத்தமானதாக இருந்தும் நம் ஊரில் அநேகமாக அறியப்படாத பிளாஸ்டிக் ஒளியிழையைப் பற்றியும், மின்னணுத் தொடர்பியலை மாணவர்களுக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

இணைப்புக் கொடுக்க வரும் பணியாளர், கேபிள் நுழைவதற்கு வசதியான சன்னல் ஓரத்திலோ வாசற்கதவுக்கு மேலேயோ மோடத்தைப் பொருத்திவிட்டுச் செல்கிறார். அது அவருக்கு எளிய இடம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தாத இடம். பின்பக்க அறையில் இணையவழி வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கும், மாடியில் அலுவலக வேலை பார்க்கும் மகளுக்கும் அந்த மோடத்துக்கும் இடையே ஒன்பது அங்குலச் செங்கற்சுவர்களும் இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட் தளமும் குறுக்கே நிற்கின்றன. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் இத்தகைய தடைகளைக் கடக்கும்போது வெகுவாக வலுவிழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டும், ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் மூன்றே மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றியிருக்கும் அத்தனை வீடுகளும் அந்த மூன்றைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. 200 மெகாபிட் வேகத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறவருக்குப் பின் அறையில் அதில் ஒரு சிறு பங்கே கிடைக்கிறது என்றால், குறை தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது.

பிளாஸ்டிக் ஒளியிழை என்பது கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக்கால், அதாவது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கால் ஆன இழையாகும். விளம்பரப் பலகைகளிலும் மீன்தொட்டிகளிலும் நாம் காணும் அதே வகைப் பொருள்தான், மிகுந்த தூய்மையுடன் இழையாக இழுக்கப்படுகிறது. அதைச் சுற்றி ஒளிவிலகல் எண் குறைந்த ஃப்ளோரின் கலந்த பிளாஸ்டிக் மெல்லிய போர்வையாக அமைவதால், உள்ளே நுழைந்த ஒளி வெளியேற வழியின்றி முழு அக எதிரொளிப்பால் மறுமுனைக்குச் செல்கிறது. இழையின் மொத்த விட்டம் 1 மில்லிமீட்டர். வெளியுறையோடு சேர்த்து 2.2 மில்லிமீட்டர். தொலைத்தொடர்பில் பயன்படும் ஒற்றைமுறைக் கண்ணாடி இழையில் ஒளி செல்லும் உட்கருவின் விட்டம் சுமார் 9 மைக்ரோமீட்டர் மட்டுமே, பிளாஸ்டிக் இழையிலோ அது ஏறத்தாழ 980 மைக்ரோமீட்டர். இந்த நூறு மடங்கு வேறுபாட்டிலிருந்துதான் பிளாஸ்டிக் இழையின் நன்மைகளில் பெரும்பாலானவையும், அதன் முதன்மையான குறைகளில் ஒன்றும் பிறக்கின்றன.

நன்மையை முதலில் சொல்கிறேன். 9 மைக்ரோமீட்டர் உட்கருவை இன்னொன்றோடு நேருக்கு நேர் பொருத்த வேண்டுமானால், உருக்கி ஒட்டும் விலையுயர்ந்த ஸ்ப்லைசிங் கருவியும் அதில் பழகிய கையும் தேவை. வெட்டும்போது தெறிக்கும் கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறினால் எடுப்பது கடினம், தரையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழையைக் கூரிய பிளேடால் செங்குத்தாக வெட்டி, வேண்டுமானால் மிக நுண்ணிய உப்புத்தாளில் முனையைத் தேய்த்து, இணைப்பானின் துளைக்குள் செருகி இறுக்கினால் வேலை முடிந்தது. முனையில் தனியாக எந்தப் பிளக்கும் மாட்டாமல், வெட்டிய இழையை அப்படியே கவ்விக்கொள்ளும் இணைப்பான்களும் உள்ளன. செல்லும் ஒளியும் கண்ணுக்குத் தெரியும் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. அதை ஒரு சிறிய எல்இடி தருகிறது. இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், மறுமுனையில் சிவப்புப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழையில் 1490, 1310 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி செல்வதால் அவ்வாறு பார்க்கவும் முடியாது, பார்ப்பது பாதுகாப்பும் அன்று.

இனி குறைகள். அக்ரிலிக் வழியே சிவப்பு ஒளி செல்லும்போது மீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவுக்கு இழப்பு ஏற்படுகிறது. இதன் பொருள், 15 மீட்டர் தொலைவில் ஒளி பாதியாகக் குறைந்துவிடும் என்பதே. நல்ல கண்ணாடி இழையில் அதே இழப்பு ஏற்பட 15 கிலோமீட்டர் கடக்க வேண்டும். எனவே தெருவுக்கோ ஊருக்கோ பிளாஸ்டிக் இழை உதவாது, உதவும் என்று எவரும் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு வீட்டின் அளவு என்ன? இரண்டு மாடி வீட்டில், குழாய் போகும் வழியே சுற்றி அளந்தாலும் பெரும்பாலும் 30 மீட்டரைத் தாண்டாது. 50 மீட்டரிலும் அனுப்பிய ஒளியில் பத்தில் ஒரு பங்கு வந்து சேரும். அதைப் படித்தறிய இன்றைய ஏற்பிகளால் முடியும்.

இரண்டாவது குறை வேகம் சார்ந்தது. அகன்ற உட்கருவுக்குள் ஒளிக்கதிர்கள் பல கோணங்களில் பயணம் செய்கின்றன. நேராகச் செல்லும் கதிர் முந்தி வருகிறது, சுவரில் பலமுறை பட்டு எதிரொளித்து வருவது பிந்துகிறது. அதனால் தகவலைச் சுமக்கும் அடுத்தடுத்த ஒளித்துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இக்காரணத்தால் வீட்டு உபயோகத்துக்கான பிளாஸ்டிக் இழைக் கருவிகள் நெடுங்காலம் நொடிக்கு 100 மெகாபிட் அளவிலேயே நின்றன. இந்தத் தடையைத் தாண்டியது, 2017ஆம் ஆண்டில் ஐஇஇஇ என்னும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு, கம்பிவழிக் கணினி வலையமைப்பான ஈதர்நெட்டுக்காக வெளியிட்ட 802.3பிவி என்னும் தரநிலை. எரிவது, அணைவது என்ற இரண்டு நிலைகளை மட்டும் பயன்படுத்தாமல் ஒளியின் அளவை 16 படிகளாகப் பிரித்து அனுப்பி, வழியில் ஏற்படும் குழப்பத்தை முன்கூட்டியே கணக்கிட்டு ஈடுசெய்து, பிழைகளைத் திருத்திக்கொள்ளும் முறையால் நொடிக்கு 1 கிகாபிட் வேகம் சாத்தியமாயிற்று. வீடுகளுக்கென அதில் வகுக்கப்பட்ட பிரிவு 50 மீட்டர் தொலைவை உறுதிசெய்கிறது. 4கே தரத்தில் ஒரு திரைப்படம் பார்க்க 25 மெகாபிட் போதும் என்பதை நினைத்தால், ஒரு குடும்பத்தின் தேவைக்கு இது தாராளம்.

புதிதாக யாரோ சோதனைச்சாலையில் கண்டுபிடித்ததை நம் வீட்டில் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்று வாசகர்கள் எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1960களிலும், ஜப்பானின் மிட்சுபிஷி ரேயான் 1970களிலும் இவ்வகை இழைகளை உருவாக்கின. தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் இணைப்பு இன்றும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கிறது: தொலைக்காட்சியின் பின்புறம் ‘ஆப்டிகல்’ என்று எழுதியிருக்கும் சிறு மூடியைத் திறந்தால் சிவப்பு வெளிச்சம் தெரியுமே, அதிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கேபிளுக்குள் இருப்பது பெரும்பாலும் இந்தப் பிளாஸ்டிக் இழைதான். 2001இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ 7 வரிசைக் கார் தொடங்கிப் பல ஐரோப்பியக் கார்களில் வானொலி, திரை, வழிகாட்டிக் கருவி ஆகியவற்றை மோஸ்ட் என்னும் வலையமைப்பு பிளாஸ்டிக் இழையால் இணைத்தது. அதிர்வும் வெப்பமும் எஞ்சினின் மின்னிரைச்சலும் நிறைந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒரு பொருளைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

இனி நம் வீடுகளுக்கு இது ஏன் குறிப்பாகப் பொருந்துகிறது என்பதற்கு வருகிறேன். நம் ஊரில் ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளில் சுவருக்குள் புதைந்திருக்கும் பிவிசி குழாய்கள் அநேகமாக மின்கம்பிகளுக்கானவை மட்டுமே. தொலைபேசிக்கென்று ஒரு குழாய் போட்டிருந்தாலும் அது ஹாலோடு நின்றிருக்கும். மின்கம்பி செல்லும் குழாயில், கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் செப்பாலான லேன் கேபிளையோ தொலைபேசிக் கம்பியையோ சேர்த்து இழுக்கக் கூடாது என்பது பணி தெரிந்த ஒவ்வொரு வயர்மேனும் அறிந்த விதி. உறை எங்கேனும் உரிந்தால் 230 வோல்ட் நேராகக் கணினிக்கும் அதைத் தொடுபவரின் கைக்கும் வந்துவிடும் என்பதால் அது காரணத்தோடு ஏற்பட்ட விதி. ஆகவே லேன் கேபிள் வேண்டுமென்றால் சுவரை வெட்ட வேண்டும், அல்லது ஆணியடித்து வெளியே ஓட்ட வேண்டும். சுண்ணாம்பும் பெயிண்டும் பூசி முடித்த வீட்டில் இரண்டுக்கும் யாரும் ஒப்புவதில்லை. கடைசியில் வைஃபையோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பிளாஸ்டிக் இழையில் உலோகம் துளியும் இல்லை. மின்சாரம் அதில் ஏறாது, மின்கம்பியின் காந்தப்புலமோ மிக்சியும் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சலோ அதனுள் செல்லும் ஒளியைத் தொடாது. தகவல் போக ஒன்றும் வர ஒன்றுமாக அமைந்த இரட்டை இழையின் குறுக்களவு 2.2க்கு 4.4 மில்லிமீட்டர்தான் என்பதால், ஏற்கெனவே கம்பிகள் இருக்கும் குழாயிலும் மிச்சமிருக்கும் இடத்தில் அது நுழைந்துவிடக்கூடும். இக்காரணத்தால்தான் ஐரோப்பாவின் சில நாடுகளில் பழைய கட்டடங்களில் மின்குழாய் வழியாகவே பிளாஸ்டிக் இழையை இழுத்து, ஒளியை லேன் சமிக்ஞையாக மாற்றும், சுவர்ப்பெட்டிக்குள் அடங்கும் சிறிய கருவியைப் பொருத்தி, ஒவ்வோர் அறைக்கும் இணைப்புத் தருகிறார்கள். வெப்பநிலையும் இதற்கு இடம் தருகிறது. நம் வீட்டு மின்கம்பிகளின் பிவிசி உறைக்கு விதித்திருக்கும் உச்சவரம்பு 70 டிகிரி செல்சியஸ். சாதாரணப் பிளாஸ்டிக் இழைகளும் குறைந்தபட்சம் அந்த வரம்பைத் தாங்கும்படியே தயாரிக்கப்படுகின்றன. எனினும் இதைப் படித்துவிட்டு எவரும் தாமாகச் சுவிட்ச் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இழை பாதுகாப்பானது, பக்கத்தில் இருக்கும் கம்பி அப்படியன்று. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

இடிமின்னல் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில்தான் நம் மாநிலத்து மக்கள் உண்மையாகவே பணத்தை இழக்கிறார்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் மின்னல் வெட்டிய மறுநாள், பழுதுபார்க்கும் கடைகளில் தொலைக்காட்சிகளும் ரவுட்டர்களும் வரிசையில் நிற்பதைக் காணலாம். மின்னல் வீட்டின் மீதே விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே நீளமான செப்புக் கம்பிகளில் பெரும் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. லேன் இணைப்புகளில் உள்ள சிறு மின்மாற்றிகள் 1500 வோல்ட் வரை தடுத்து நிறுத்தும்படி அமைக்கப்படுகின்றன, அதற்குமேல் வந்தால் அவை காப்பதில்லை. கீழ்வீட்டுக்கு ஒரு மீட்டரும் மாடிவீட்டுக்கு ஒரு மீட்டருமாக இரண்டு மின் இணைப்புகள் உள்ள வீடுகளில், அண்ணனும் தம்பியும் ஓர் இணைய இணைப்பைச் செப்பு லேன் கேபிளால் பகிர்ந்துகொண்டால், ஒரு பக்கம் ஏறும் மின்னெழுச்சி அந்தக் கேபிள் வழியாக மறுபக்கத்துக் கருவிகளையும் தாக்கக்கூடும். நடுவில் பிளாஸ்டிக் இழை இருந்தால் அந்தப் பாதை அறுந்துவிடுகிறது. மின்சார இணைப்பு வழியாக நுழையும் எழுச்சியை இது தடுக்காது. அதற்கு நல்ல எர்த்தும் எழுச்சித் தடுப்பானும் வேண்டும். ஆயினும் ஒரு கருவிக்கு வந்த கேடு வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பரவாமல் தடுப்பதே பெரிய உதவி.

இதற்கு மாறாக நிற்கும் உண்மைகளையும் மறைப்பது முறையன்று. கணினியிலும் தொலைக்காட்சியிலும் பிளாஸ்டிக் இழையை நேராகச் செருகி இணையம் பெறும் துளை கிடையாது. இரு முனைகளிலும் ஒளியை லேன் சமிக்ஞையாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் தேவை, அவை ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் தேவை. செப்பு லேன் கேபிளில் தகவலோடு மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்பதால் கண்காணிப்புக் கேமராவுக்கு அந்த ஒரே கேபிள் போதும்; பிளாஸ்டிக் இழையால் அது முடியாது. இழையை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக மடக்கினால் வளைவில் ஒளி கசியும். குழாயில் பலமாக இழுத்தால் இழை நீண்டு, அந்த இடத்தில் இழப்பு கூடிவிடும். பெயிண்ட் வேலையில் பயன்படும் தின்னர் பட்டால் அக்ரிலிக் கெட்டுப்போகும். வெயிலில் காயும் மொட்டை மாடியில் இதை ஓட்டுவதும் தகாது. அக்ரிலிக் எரியும் பொருள் என்பதால், தீப்பற்றினால் புகையும் நச்சுவாயுவும் குறைவாக வெளியிடும் உறையுள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எடைபோட்ட பிறகு என் கருத்து இதுதான்: புதிதாக வீடு கட்டுபவருக்கு நான் பிளாஸ்டிக் இழையை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். அவர் மின்குழாயிலிருந்து விலக்கி ஒவ்வோர் அறைக்கும் ஒரு தனிக் குழாய் பதித்து, அதில் கேட்-6 லேன் கேபிளை இழுத்துக்கொள்ளட்டும். விலையும் குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும். எதிர்காலத்தில் 10 கிகாபிட் வேண்டுமென்று எண்ணுபவர், வளைவைத் தாங்கும் ஜி.657 வகைக் கண்ணாடி இழையை அதே குழாயில் போடலாம். ஆனால் தனிக் குழாய் இல்லாமல் கட்டி முடித்துக் குடியேறிவிட்ட வீடுகளே நம்மிடம் மிகுதி. வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சுவரை வெட்டும் உரிமையும் இல்லை. வெள்ளைச் சுவரில் கண்ணை உறுத்தாதபடி கதவுச் சட்டத்தின் ஓரமாகவோ தரை விளிம்புப் பலகையின் இடுக்கிலோ 2.2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இழையைக் கொண்டுபோவது அவருக்கு எளிது. இந்த வீடுகளுக்குத்தான் பிளாஸ்டிக் இழையை நான் பரிந்துரைக்கிறேன், அங்கு அதற்கு ஈடான வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மின்கம்பி வழியாகவே தகவல் அனுப்பும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் வீட்டில் ஓடும் மோட்டார்களும் மலிவான எல்இடி விளக்குகளும் எழுப்பும் இரைச்சலுக்கு ஏற்ப அவற்றின் வேகம் ஏறி இறங்கும்.

வைஃபையே போதாதா என்று கேட்பவர்களுக்கு: அலைபேசிக்கு வைஃபை வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தொலைவில் உள்ள அறையில் வைக்கும் இரண்டாவது வைஃபை கருவி, முதற்கருவியோடு காற்றலையிலேயே பேசினால், அது பெறுவதும் தருவதும் ஒரே வானொலி அலையைப் பங்கிட்டுக்கொள்வதாகப் பெரும்பாலும் அமைந்து, வேகம் குறைகிறது. அந்த இரண்டு கருவிகளுக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் இழை ஓடினால், ஒவ்வோர் அறையின் வைஃபையும் முழு வலுவோடு அந்த அறைக்கே பணிசெய்யும். வைஃபைக்குப் போட்டியாக இதைச் சொல்லவில்லை, அதன் முதுகெலும்பாகவே சொல்கிறேன்.

இத்தனை பொருத்தங்கள் இருந்தும் ஒரு நடுத்தர ஊரின் மின்சாதனக் கடையில் பிளாஸ்டிக் இழை கேட்டால், ஒலிபெருக்கிக்கு மாட்டும் ஒன்றரை மீட்டர் கேபிளை எடுத்து நீட்டுகிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, கேட்பவர் இல்லாத பொருளை அவர் ஏன் வாங்கி வைக்க வேண்டும்? கேட்பவர் உருவாக வேண்டுமானால் இரண்டு பேர் இதை அறிந்திருக்க வேண்டும்: வயரிங் செய்பவர் ஒருவர், இணைய இணைப்புக் கொடுக்க வருபவர் மற்றொருவர். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீசியன், வயர்மேன் பிரிவுகளில் பயிலும் மாணவர்களுக்கு ஒரு சுருள் பிளாஸ்டிக் இழையையும் இரண்டு கன்வர்ட்டர்களையும் கொடுத்தால், வெட்டுவது முதல் இணைத்துச் சோதிப்பது வரை ஒரே பிற்பகலில் கற்பித்துவிடலாம் என்பதை ஓர் ஆசிரியனாக என்னால் உறுதியாகக் கூற முடியும். ஸ்ப்லைசிங் கருவி வாங்கப் பணம் இல்லாத நிலையங்கள்கூட இதைத் தொடங்கலாம்.

அரசுத் தரப்பிலும் ஆக வேண்டியவை உண்டு. உலோகமே இல்லாத ஒளியிழையை மின்கம்பிகள் செல்லும் குழாயில் சேர்த்து இழுக்கலாமா, ஆமெனில் எந்த வகை உறையோடு, எந்த நிபந்தனைகளோடு என்பதைத் தமிழ்நாடு மின் ஆய்வுத் துறை தெளிவான சுற்றறிக்கையாக, தமிழில், வெளியிட வேண்டும். இப்போதைய நிலையில் பொறுப்புள்ள மின்பணியாளர் விதிக்கு அஞ்சி மறுக்கிறார், பொறுப்பற்றவர் எதையும் யோசிக்காமல் செப்புக் கேபிளையே சேர்த்து இழுத்துவிடுகிறார். முன்னவருக்கு அந்தச் சுற்றறிக்கை துணை நிற்கும், பின்னவரைத் தடுக்கும். அடுத்து, 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டடத் தொகுப்பு தகவல்தொடர்பு நிறுவல்களுக்கென ஒரு தனிப் பிரிவையே ஒதுக்கியிருக்கிறது. கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்குத் தரமிடும் ஒழுங்குமுறைகளை, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது. இவற்றின் பயன் பெரிய வளாகங்களோடு நின்றுவிடாமல் சாதாரண வீட்டுக்கும் எட்ட வேண்டுமானால், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன் கீழ் அனுமதி பெறும் ஒவ்வொரு புது வீட்டிலும், அறைக்கு ஒன்றாகத் தகவல் கேபிளுக்கென்று தனிக் குழாய் பதிக்கப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். சுவர் எழும்பும்போது அந்தக் குழாய்க்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

இணைய இணைப்பு தரும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மோடத்தைப் பொருத்தும் முன்பு, வீட்டில் எந்த அறையில் இணையம் அதிகம் தேவைப்படுகிறது என்று வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி தங்கள் பணியாளர்களுக்கு அறிவுறுத்துங்கள். வாசலிலிருந்து அந்த அறை வரை இழுத்துத் தர 20 மீட்டர் பிளாஸ்டிக் இழையும் ஓரிணை கன்வர்ட்டரும் அடங்கிய தொகுப்பை, விரும்புவோர் தனிக் கட்டணம் செலுத்திப் பெறும்படி அவர்கள் வழங்கலாம். இதுபற்றி விவரம் அறிய விரும்பும் மின்பணியாளர்களும் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களும் கேள்விகள் அனுப்பினால், தங்கள் நாளிதழின் வாயிலாகவே விடையளிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மின்னணுத் தொடர்பியல் விரிவுரையாளர் (ஓய்வு),
திருச்சிராப்பள்ளி